மேப் சென்சார் போய்விட்டதா? மாற்றுவதற்கு முன் வீட்டு வாசலிலேயே சோதிக்கும் முறை

என் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒரு மழைக்காலத்தில் படுத்தி எடுத்துவிட்டது. ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஐடிலிங்கில் குலுங்கும், சைலன்சரில் பெட்ரோல் வாடை அடிக்கும், சிக்னலில் நின்றால் சில நேரம் ஆஃப் ஆகிவிடும். ஒர்க் ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள், பி0108 என்று கோளாறு எண் (கோடு) வந்தது, "மேப் சென்சார் போயிடுச்சு சார்" என்றார்கள், அதாவது என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் (எம்ஏபி), மாற்றினோம். மூன்றாம் நாளே செக் என்ஜின் விளக்கு மறுபடி எரிந்தது. வாங்கினது டூப்ளிகேட்டாக இருக்கும் என்று இன்னொன்றும் மாற்றியாயிற்று. கடைசியில் பார்த்தால் பேட்டரிக்குப் பின்னால் எலி கடித்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு எர்த்து வயர்தான் காரணம். சென்சார் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அதற்கப்புறம்தான் இந்தச் சோதனைகளை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் (காரின் ஸ்கேனர் சாக்கெட்டில் மாட்டினால் என்ஜின் தகவல்களைப் போன் ஆப்புக்கு அனுப்புவது), ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு மணி நேரம். இவ்வளவுதான் தேவை. கை வேக்கம் பம்ப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சை வைத்துச் சமாளிக்கலாம்.

சென்சார் என்ன செய்கிறது

த்ராட்டிலுக்கு அப்பால், இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) எவ்வளவு காற்றழுத்தம் இருக்கிறது என்று அளந்து ஈசிஎம்முக்கு, அதாவது என்ஜினின் கம்ப்யூட்டருக்கு, சொல்வதுதான் இதன் வேலை. வெற்றிடத்தை 0 என்று வைத்து அங்கிருந்து அளக்கிறது, அதனால் கடலோரத்தில் என்ஜின் ஓடாமல் இருக்கும்போது சுமார் 101 கிலோபாஸ்கல் காட்டும். என்ஜின் ஓடி, த்ராட்டில் மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் காற்றை உறிஞ்சுவதால் உள்ளே அழுத்தம் குறைந்து 30, 35 என்று இறங்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் மறுபடி வெளிக்காற்றின் அழுத்தத்துக்குப் பக்கத்தில் வரும். உள்ளே போகும் காற்றின் அளவையே நேராக அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாத வண்டிகளில் இந்த எண்ணையும், காற்றின் வெப்பத்தையும், ஆர்பிஎம்மையும் வைத்துத்தான் எவ்வளவு காற்று உள்ளே போகிறது, அதற்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்றலாம் என்று ஈசிஎம் கணக்குப் போடுகிறது. ஆகவே சென்சார் உள்ளதைவிடக் கூடுதலாகச் சொன்னால் பெட்ரோல் அதிகம் போகும்: கறுப்புப் புகை, கரி பிடித்த பிளக், மைலேஜ் அடி. குறைவாகச் சொன்னால் பெட்ரோல் போதாமல் இழுவை இருக்காது, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் ஒரு திக்கல், சில நேரம் இன்டேக் பக்கமே 'டப்' என்று அடிக்கும்.

மூன்று வயர் இருந்தால் 5 வோல்ட், எர்த்து, சிக்னல். நான்கு இருந்தால் காற்றின் வெப்பத்தை அளப்பதும் அதே பெட்டிக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் படி: என்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்

எல்லாச் சோதனைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட வேண்டாம். டாங்கிளை மாட்டி, சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து, ஆப்பில் இன்டேக் மேனிஃபோல்டு பிரஷர் என்ற அளவைத் திறக்கவும். என்ஜின் ஓடவில்லை என்பதால் அது உங்கள் ஊரின் காற்றழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும்.

உங்கள் ஊரின் காற்றழுத்தம் எவ்வளவு? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். போனில் இருக்கும் வானிலை ஆப்பைத் திறந்தால் கோயம்புத்தூரிலும் 1010 ஹெக்டோபாஸ்கல் (அதாவது 101 கிலோபாஸ்கல்), ஊட்டியிலும் ஏறக்குறைய அதே எண் என்று காட்டும். அது கடல் மட்டத்துக்குத் திருத்திச் சொல்லும் எண், உண்மையில் அங்கே இருக்கும் அழுத்தம் வேறு. தோராயமாகச் சொன்னால் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் 101, கோயம்புத்தூரில் 96 அல்லது 97, பெங்களூரில் 91, கொடைக்கானலில் 78, ஊட்டியில் 77 கிலோபாஸ்கல். கோயம்புத்தூரில் 96 காட்டும் சென்சாரை, ஆப் 101 சொல்கிறதே என்று தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். சில போன்களில் பாரோமீட்டர் சென்சார் உண்டு, அது நேரடியாக அந்த இடத்து அழுத்தத்தைக் காட்டும். அதுவும் இல்லையா, அதே டாங்கிளைப் பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல வண்டியில் மாட்டி ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று கிலோபாஸ்கல் வித்தியாசத்தை விட்டுவிடலாம். ஐந்தைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். 20, 30 தள்ளி நின்றாலோ, அசையாமல் ஒரே ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, சென்சார் அல்லது வயர், இரண்டில் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனையில் தேறிவிட்டால் சென்சார் நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 101இலேயே உறைந்துபோன சென்சாரும் இங்கே நல்ல பிள்ளையாகத் தெரியும்.

இரண்டாம் படி: ஸ்டார்ட் பண்ணி, ஒரு முறை ரேஸ் கொடுங்கள்

என்ஜின் நன்றாகச் சூடாகட்டும், ஏசி ஆஃப், கியர் நியூட்ரல். ஐடிலிங்கில் பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களில் 28 முதல் 40 கிலோபாஸ்கலுக்குள் நிற்கும். ஏசி போட்டால் கொஞ்சம் ஏறும், அது இயல்பு. மலை மேலே இருந்தாலும் ஐடிலிங் எண் பெரிதாக மாறாது, ஏனென்றால் என்ஜினைச் சுற்ற வைக்கத் தேவையான காற்று எங்கேயும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

இப்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்து விடுங்கள். எண் துள்ளி, முதல் படியில் பார்த்த எண்ணுக்குப் பக்கத்தில் (கடலோரத்தில் 90க்கு மேல்) போய், காலை எடுத்ததும் ஐடிலிங் அளவுக்கும் கீழே, 20 பக்கம் இறங்கி, அப்புறம் பழைய இடத்துக்கு வர வேண்டும். துள்ளாமல் சோம்பலாக ஏறினால் சென்சாருக்குப் போகும் துளையில் கரி அடைத்திருக்கலாம், அல்லது ஹோஸ் நசுங்கியிருக்கலாம். மலிவு டாங்கிள்கள் மெதுவாகத்தான் எண்ணைப் புதுப்பிக்கும், ஆப்பில் பத்து மீட்டரைத் திறந்து வைத்தால் இன்னும் மோசம். இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் டாங்கிளின் சோம்பலைச் சென்சாரின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

கோடு எதைச் சொல்கிறது

பி0107 என்றால் சிக்னல் வோல்டேஜ் இருக்கக் கூடாத அளவு கீழே இருக்கிறது. பி0108 என்றால் இருக்கக் கூடாத அளவு மேலே. பி0106 கொஞ்சம் நுணுக்கமானது: வோல்டேஜ் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் த்ராட்டில் திறந்திருக்கும் அளவுக்கும் ஆர்பிஎம்முக்கும் அது பொருந்தவில்லை என்று ஈசிஎம் நினைக்கிறது. விட்டு விட்டு வந்தால் பி0109. இவற்றில் எதுவுமே 'சென்சாரை மாற்று' என்று சொல்லவில்லை, கவனியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 5 வோல்ட் வயர் அறுந்தால் பி0107, எர்த்து வயர் அறுந்தால் பி0108. என் கதை இதில் இரண்டாவது. பி0106 வந்தால் நான் வயரைவிட ஹோஸையும் என்ஜினையும்தான் முதலில் பார்ப்பேன்.

ஃப்யூல் ட்ரிம்மையும் (ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் திருத்தம்) ஒரு கண் பார்க்கலாம். சென்சார் கூட்டிச் சொன்னால், ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் அதிகம் என்று சொல்ல, ஈசிஎம் குறைக்கப் பார்க்கும், ட்ரிம் மைனஸில் இறங்கும், பி0172 வரலாம். குறைத்துச் சொன்னால் ப்ளஸ், பி0171.

மூன்றாம் படி: பானெட்டைத் திறந்து கண்ணால் பார்ப்பது

சென்சார் சில வண்டிகளில் மேனிஃபோல்டிலேயே ஒரு ஸ்குரூவில் நேராக உட்கார்ந்திருக்கும், சிலவற்றில் தனியாக மாட்டி ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் வழியாக இணைத்திருப்பார்கள். ஹோஸ் இருந்தால் இரண்டு முனைகளையும் விரலால் வளைத்துப் பாருங்கள். பத்து வருட வெயிலில் வெந்த ரப்பர் மேலே நன்றாகத் தெரியும், வளைத்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். நேரடியாக உட்காரும் வகையில் ஓ-ரிங் தட்டையாகிக் காற்று உள்ளே போகும். கழற்றினால் மூக்கில் எண்ணெயும் கரியும் இருக்கும். கொஞ்சம் இருப்பது சகஜம். துளையே தெரியாத அளவுக்கு இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும்.

சுத்தம் செய்ய எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அல்லது மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாருக்கான கிளீனர் மட்டும். மூக்கைக் கீழ்ப்பக்கம் பார்த்துப் பிடித்து, மெல்ல அடித்து, கால் மணி நேரம் காயவிடுங்கள். கார்புரேட்டர் கிளீனர், பெட்ரோல், குண்டூசி மூன்றும் வேண்டாம். உள்ளே இருப்பது மெல்லிய சிலிக்கான் சவ்வு, குண்டூசி பட்டால் அத்தோடு சரி.

அப்படியே கையோடு வயர் கட்டைப் பின்தொடர்ந்து போங்கள். வண்டி ஒரு வாரம் நின்றாலே எலி குடிவந்துவிடும் ஊர்களில், ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியிலும் பேட்டரி ஓரத்திலும் புழுக்கை கிடக்கிறதா என்று பார்ப்பதே ஒரு சோதனைதான். சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட் வெளியே போட்ட வண்டி என்றால் அவர்கள் மேனிஃபோல்டு வேக்கம் ஹோஸை வெட்டி 'T' வடிவ இணைப்பு போட்டிருப்பார்கள், அந்த இணைப்புகளை எல்லாம் முதலில் பாருங்கள்.

நான்காம் படி: மல்டிமீட்டர்

இதுதான் தீர்ப்புச் சொல்லும் இடம், ஆகவே அவசரம் வேண்டாம். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். 12 வோல்ட் பல்ப் போட்ட டெஸ்ட் லேம்ப்பை இந்த வயர்களில் வைக்கவே கூடாது, அது இழுக்கும் கரண்ட் ஈசிஎம்முக்கு ஆகாது.

சாவியை ஆஃப் செய்து, கனெக்டரைப் பிடுங்கி, மறுபடி சாவியை ஆன் செய்யுங்கள். கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை கனெக்டரின் ஒவ்வொரு பின்னாக. ஒன்றில் 4.8 முதல் 5.2 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் உடனே ஈசிஎம் போச்சு என்று பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் அந்த 5 வோல்ட்டை வேறு சென்சார்களும் பகிர்ந்துகொள்கின்றன, அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாமே படுத்துவிடும். மற்ற சென்சார்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. நான்கு வயர் வகையில் வெப்ப சென்சாரின் வயரிலும் 5 வோல்ட் பக்கம் வரும், சில வண்டிகளில் சிக்னல் வயரிலும் வரும். குழம்பாமல் வயரிங் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எர்த்து. இதைக் கனெக்டரை மாட்டிய நிலையில்தான் பார்க்க வேண்டும். பிடுங்கிவிட்டு ஓம்ஸில் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் நல்லது என்றே சொல்லும், ஒர்க் ஷாப்பில் என் வண்டியைப் பார்த்தவர் ஏமாந்தது அங்கேதான். கனெக்டரின் பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில், ரப்பர் சீலின் ஓரமாக ஒரு மெல்லிய ஊசியை விட்டு, சிவப்பு முனையை அதில் வையுங்கள், கறுப்பு முனை பேட்டரி மைனஸில். சாவி ஆன். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த்து சுத்தம். என் வண்டியில் 0.7 காட்டியது, வயரை ஆட்டினால் இன்னும் ஏறியது. எர்த்து அவ்வளவு மேலே நின்றால் சென்சார் பாவம், தனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொல்கிறது, ஈசிஎம் காதில் விழுவது அதைவிடக் கூடுதலாக விழுகிறது. வண்டி ஆடும்போது வயர் முழுக்க விட்டுப்போனால் சிக்னல் 5 வோல்ட்டுக்குத் தாவி பி0108 விழும்.

வயரின் மேல் தோலைக் குத்தி அளக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்தத் துளை வழியாக உப்புக்காற்று புகுந்து ஆறு மாதத்தில் செம்பு பச்சை பூத்துவிடும்.

மூன்றாவது சிக்னல். அதே மாதிரி பின்பக்க ஊசி, கனெக்டர் மாட்டியபடி. கடல் மட்டத்தில், டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில், என்ஜின் ஓடாதபோது பெரும்பாலும் 4 வோல்ட்டுக்கு மேல், ஐடிலிங்கில் 1 முதல் 1.6 வரை. வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் திசை மாறாது: அழுத்தம் குறைந்தால் வோல்டேஜ் குறையும். இந்த வோல்டேஜ் சரியாக மாறியும் ஸ்கேனர் எண் தவறாக இருந்தால் சிக்னல் வயரிலோ ஈசிஎம் கனெக்டரிலோ கோளாறு. மீட்டரைப் பார்த்தபடி வயர் கட்டை முழம் முழமாக ஆட்டிக்கொண்டே போங்கள், எங்கே எண் குதிக்கிறதோ அங்கே டேப்பைப் பிரியுங்கள்.

ஐந்தாம் படி: சென்சாரைத் தனியாக விசாரிப்பது

வயர் எல்லாம் சரி, இன்னும் சந்தேகம் என்றால் இது. சென்சாரைக் கழற்றி, கனெக்டர் மாட்டியபடியே, அதன் மூக்கில் வேக்கம் பம்பின் ஹோஸைச் செருகுங்கள். சாவி ஆன், என்ஜின் ஓட வேண்டாம். பம்பின் மீட்டர் அங்குலக் கணக்கில் இருக்கும், ஒரு அங்குலம் பாதரசம் சுமார் 3.4 கிலோபாஸ்கல். கடலோரத்தில் 10 அங்குலம் இழுத்தால் ஸ்கேனரில் 67 பக்கமும், 20 அங்குலம் இழுத்தால் 33 பக்கமும் வர வேண்டும். வழியில் எங்கேயும் குதிக்காமல், சீராக இறங்க வேண்டும். 20இல் நிறுத்தி ஒரு நிமிடம் பாருங்கள். எண் மெதுவாக மேலே ஏறினால் எங்கோ காற்று கசிகிறது, முதலில் உங்கள் ஹோஸைச் சந்தேகப்பட்டு, அப்புறம் சென்சாரை. சிரிஞ்ச் வைத்திருப்பவர்களுக்குச் சரியான எண் தெரியாது, ஆனால் இழுத்தால் இறங்குகிறதா, விட்டால் பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்பது தெரியும், பாதிச் சந்தேகம் அதிலேயே தீரும்.

சூடானால் மட்டும் வரும் கோளாறுக்கு ஹேர் ட்ரையர் நல்ல கருவி. சாவி மட்டும் ஆன் செய்து, சென்சாரை இரண்டு மூன்று நிமிடம் சூடாக்குங்கள். அழுத்தத்தின் எண் அசையக் கூடாது. 101 என்பது 90க்கு நழுவினால் புதுச் சென்சார் வாங்கத்தான் வேண்டும்.

சென்சார் உண்மை சொல்கிறது, என்ஜின்தான் நோயாளி

ஐடிலிங்கில் 55, 60 காட்டுகிறது, மேலே சொன்ன எல்லாச் சோதனைகளிலும் சென்சார் தேறிவிட்டது. அப்படியென்றால் மேனிஃபோல்டில் நிஜமாகவே அவ்வளவு அழுத்தம் இருக்கிறது. பிரேக் பூஸ்டர் ஹோஸ் கசிகிறதா என்று ஹோஸை மெல்ல நசுக்கிப் பார்க்கலாம், எண் சட்டென்று இறங்கினால் அங்கேதான். ஈஜிஆர் வால்வு (எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்டேக்குக்குள் விடுவது) திறந்தபடி மாட்டிக்கொண்டால் புகை உள்ளே வந்து அழுத்தம் ஏறும். டைமிங் செயின் ஒரு பல் தாண்டியிருந்தாலும், வால்வு கிளியரன்ஸ் இறுகியிருந்தாலும், கம்ப்ரஷன் இறங்கியிருந்தாலும் இதே கதைதான். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் ஒரு சின்ன அடையாளம் உண்டு: 2500 ஆர்பிஎம்மில் ஒரே நிலையில் பிடித்து வைத்தால் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும், வெளியே போக வழியில்லாத புகை உள்ளேயே தேங்குவதால்.

மேப் சென்சாரை நம்பி ஓடும் வண்டியில் வேக்கம் கசிவு வித்தியாசமாக நடந்துகொள்ளும். கசிவு வழியாக வரும் காற்றும் மேனிஃபோல்டு அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் ஈசிஎம் அதற்கும் பெட்ரோல் ஊற்றிவிடும். அதனால் ட்ரிம் பெரிதாகக் கெடாமல் ஐடிலிங் ஆர்பிஎம் மட்டும் ஏறி நிற்கும். யூடியூபில் மாஸ் ஏர் ஃப்ளோ வண்டிக்குச் சொல்வதை இங்கே அப்படியே பொருத்தினால் தலைசுற்றும்.

டீசலும் பைக்கும்

டர்போ டீசலில் இதே மாதிரி சென்சார் இன்டர்கூலர் பைப்பிலோ மேனிஃபோல்டிலோ இருக்கும், ஆனால் கணக்கு வேறு. பெட்ரோலைப் போல த்ராட்டிலை மூடி ஓட்டுவதில்லை என்பதால் ஐடிலிங்கிலும் எண் வெளிக்காற்று அழுத்தத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். லோடு ஏறும்போது 200ஐத் தாண்டிப் போகும். 3 பார் (சுமார் 300 கிலோபாஸ்கல்) வரை அளக்கும் சென்சாரில் என்ஜின் ஓடாதபோது சிக்னல் 4 வோல்ட் வராது, 1.5 பக்கம்தான் வரும். டீசலில் கரி அடைப்பதுதான் பெரிய தொல்லை.

பைக்குகளில் பெரும்பாலும் த்ராட்டில் பாடியிலேயே இருக்கிறது. ஒரே சிலிண்டர் என்பதால் ஐடிலிங்கில் எண் துடித்துக்கொண்டே இருக்கும், முதல் படியும் நான்காம் படியும்தான் அங்கே பிரயோசனம். கார் டாங்கிள் நேராக மாட்டாது, பெரும்பாலும் 6 பின் அடாப்டர் வேண்டும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

பழைய சென்சாரில் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கனெக்டர் ஒன்றாக இருக்கிறது, மாட்டினால் பொருந்துகிறது என்று வாங்கினால் அளவுகோல் வேறாக இருக்கும் அபாயம் உண்டு, 1 பார் இருக்கும் இடத்தில் 2.5 பார் சென்சார் போட்டால் ஈசிஎம் கேட்பது எல்லாமே பொய்யாகிவிடும். ஓ-ரிங்கில் ஒரு துளி என்ஜின் ஆயில் தொட்டு, திருகாமல் நேராக அழுத்தி, ஸ்குரூவை அளவோடு இறுக்குங்கள், பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் மரை கழன்றால் அது தனிச் செலவு.

கோளாறு எண்ணை அழித்துவிட்டு, முதல் படியையும் இரண்டாம் படியையும் மறுபடி செய்து, அந்த நான்கு எண்களையும் (சாவி ஆன், ஐடிலிங், ஏசி போட்ட ஐடிலிங், ரேஸ்) ஒரு தாளில் தேதியோடு எழுதி சர்வீஸ் புத்தகத்தில் செருகி வையுங்கள். கோடு அழிக்கும்போது பழகிய ட்ரிம்களும் அழிவதால் முதல் சில நாட்கள் ஐடிலிங் லேசாக முரண்டு பிடிக்கலாம், அதற்காக மறுபடி எதையும் கழற்ற வேண்டாம். எலி கடித்த வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடாமல், ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடிவிடுங்கள். என் வண்டியில் அந்த வேலைக்குப் பிடித்த நேரம் இருபது நிமிடம். மாற்றிப் போட்ட இரண்டு சென்சார்களின் பில் இன்னும் டாஷ்போர்டு பெட்டிக்குள்தான் கிடக்கிறது.